நெயில் பாலிஷ் குறி

காலை பத்தேகாலுக்குத் தேர்வு மையத்திலிருந்து போன் வந்தது. முந்தின நாள் நாங்கள் கொடுத்தனுப்பிய ஆறு ரூட்டர்களில் நாலு எழுந்திருக்கவே இல்லையாம். விளக்கு எரிகிறது, அரை நிமிஷத்தில் அணைகிறது, மறுபடி எரிகிறது, மறுபடி அணைகிறது. சுவிட்சைச் சரியாகப் போட்டீர்களா என்று கேட்டேன். பத்துப் போனில் எட்டுப் போன் அந்தக் கேள்வியோடு முடிந்துவிடும். இது முடியவில்லை. மையத்தின் பொறுப்பாளர் அம்மா அதையெல்லாம் செய்து பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டிருந்தார்.

"ரெண்டு மணிக்கு நர்சிங் பரீட்சைங்க. தொண்ணூறு பிள்ளைங்க வருது. ஒன்றரைக்குள்ள எல்லாம் தயார்னு நான் மேல சொல்லணும். இல்லன்னா மையத்தையே ரத்து பண்ணிடுவாங்க" என்றார்.

வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். நியாயமாக எனக்கு அந்தப் பிள்ளைகள் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எதிர் மேசையில் தலையைக் குனிந்து ஒரு ரூட்டர் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்த என் கொழுந்தனைத்தான் பார்த்தேன். மாட்டிக்கிட்டியா என்று மனசுக்குள் சொன்னேன். அதைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. இப்போது சொல்லவே கூசுகிறது, ஆனாலும் இருந்தது.

எங்கள் தொழில் பழைய ரூட்டர். மூடுகிற கம்பெனி, இடம் மாறுகிற ஆபீஸ் எல்லாம் கழித்துப்போட்டதை மொத்தமாக வாங்கி வந்து, தேறுவதைத் தேற்றி விற்கிறோம். வாங்குவதும் விற்பதும் என் வீட்டுக்காரர். உயிர் கொடுப்பது நான். ஒரு ரூட்டர் பூட் ஆவது என்பது மனுஷன் தூங்கி எழுவது போலத்தான். கண் திறக்கும், நினைவு வரும், அப்புறம்தான் வேலைக்குக் கிளம்பும். எந்த இடத்தில் மறுபடி சுருண்டு படுக்கிறது என்று பார்த்தால் என்ன கோளாறு என்று சொல்லிவிடலாம். பதினொரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

கொழுந்தன் எங்களோடு சேர்ந்து அன்றைக்கு எழுபதாவது நாள். அதற்கு முன்பு மூன்று வருஷம் யாரும் அவனை வேலைக்கு வைக்கவில்லை. வேறொரு கடையில் இருந்தபோது, ரூட்டருக்குள் இருக்கும் நல்ல சர்க்யூட் போர்டுகளைக் கழற்றி விற்றுவிட்டுச் செத்த போர்டுகளைப் பெட்டியில் வைத்து மூடினான் என்று துரத்திவிட்டார்கள். அந்தக் கடைக்காரர் தான் சோதித்த ஒவ்வொரு போர்டிலும் ரகசியமாக ஒரு குறி வைப்பாராம். வேலை செய்யவில்லை என்று வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்த போர்டுகளில் அந்தக் குறி இல்லை. என்ன குறி என்று இவன் கேட்டிருக்கிறான். தெரியாத மாதிரி நடிக்காதே என்று கடைக்காரர் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறார். நிச்சயமாகியிருந்த கல்யாணம் அந்த வாரமே நின்றது. என் மாமியார், பெற்ற தாய், அவன் வீட்டில் இருக்கும்போது பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொள்ள ஆரம்பித்தார்.

என் வீட்டுக்காரர்தான் கடைசியில் மனசு கேட்காமல் கூட்டி வந்தார். ஆனால் முதல் நாளே எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டார். இன்னொரு பேச்சு வந்தால் கடையும் இல்லை, வீடும் இல்லை, தம்பி என்ற உறவும் இல்லை. அவன் தலையை ஆட்டினான்.

நான் தலையை ஆட்டவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்திருந்தேன். அந்தப் பழைய கடைக்காரர் செய்ததையே நானும் செய்தேன். சோதித்துச் சரியென்று கண்ட ஒவ்வொரு போர்டின் அடிப்பக்கத்திலும், ஸ்க்ரூ ஓட்டையின் ஓரத்தில், சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு துளி. கடுகு அளவுதான். வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லவில்லை.

மற்றபடி, நான் சோதித்த போர்டுகளைத் துடைத்து மூடி மாட்டுகிற அவன் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம். சாப்பிட உட்கார்ந்தால் கழுவி வைத்த ஸ்பூனையே இன்னொரு தரம் துடைப்பான். மிஸ்டர் சுத்தம் என்றுதான் அவனைக் கூப்பிடுவேன். சிரிக்கவும் மாட்டான், கோபப்படவும் மாட்டான். ஒரே ஒரு தடவை எனக்கும் அவனுக்கும் பேச்சு முற்றியது, இரண்டு வாரத்துக்கு முன்பு. ரூட்டர்களை நாங்கள் மேசையில் இருக்கும் பெரிய பவர் சப்ளையில் மாட்டித்தான் சோதிப்போம். அவற்றின் அடாப்டர்கள் தனியாக ஓர் அட்டைப்பெட்டியில் கிடக்கும். மீட்டரை வைத்துப் பார்ப்பேன். பன்னிரண்டு வோல்ட் காட்டினால் பச்சைப் புள்ளி ஒட்டிவிடுவேன். அது போதாது, ஒரு கார் பல்பை மாட்டிப் பார்க்கலாம் என்று அவன் ஒரு பல்பில் இரண்டு கம்பி வைத்துக்கொண்டு வந்து நின்றான். எழுபது அடாப்டரையும் பல்பு எரிய வைத்துக்கொண்டிருந்தால் கடையைச் சர்க்கஸ் கூடாரமாக மாற்றிவிடலாம் என்று சொல்லி, பல்பை வாங்கிக் குப்பையில் போட்டேன். அதற்குப் பிறகு அவன் எதுவும் கேட்டதில்லை.

பதினொன்றே காலுக்கு வேனில் மையத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நான்தான் ஓட்டினேன். அவன் மடியில் கருவிப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பெரிய ஹால். வாடகை லேப்டாப்புகள் வரிசை வரிசையாகத் திறந்து கிடந்தன. நாலு மூலையிலும் எங்கள் நாலு ரூட்டர்கள் கண் சிமிட்டிக்கொண்டிருந்தன. மற்ற இரண்டு கீழே அலுவலக அறையில் ஒழுங்காக வேலை செய்தன. பொறுப்பாளர் அம்மா என் பக்கத்திலேயே நின்றார். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒன்றைக் கழற்றி மேசையில் வைத்து மூடியைத் திறந்தேன். என்னிடம் மூன்று கம்பி உள்ள ஒரு கேபிள் உண்டு. போர்டில் மாட்டி லேப்டாப்போடு இணைத்தால், ரூட்டர் எழும்போது தனக்குள் முணுமுணுப்பதெல்லாம் திரையில் எழுத்தாக ஓடும். அதற்காகத்தான் திறந்தேன் என்று பொறுப்பாளரிடம் சொன்னேன். ஆனால் திறந்ததும் போர்டைத் திருப்பி அடிப்பக்கத்தைத்தான் பார்த்தேன்.

குறி இல்லை.

இரண்டாவதைத் திறந்தேன். இல்லை. மூன்றாவது, நாலாவது. எதிலும் இல்லை. போர்டுகள் மட்டும் பளபளவென்று இருந்தன.

"குறி எங்க?" என்றேன்.

"என்ன குறி அண்ணி?"

அதே கேள்வி. மூன்று வருஷத்துக்கு முன்பு அங்கே கேட்ட அதே கேள்வி. எனக்கு ரத்தம் உச்சந்தலைக்கு ஏறியது.

"தெரியாத மாதிரி கேக்காத. என் போர்ட எங்க வித்த?"

ஹாலில் நாற்காலி துடைத்துக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்து பார்த்தார். பொறுப்பாளர் அம்மா ஓர் அடி பின்னால் போனார். எனக்கு வாய் முந்தும், புத்தி பின்னால் மூச்சிரைக்க ஓடி வரும். கல்யாணமான மூன்றாம் நாளே வீட்டுக்காரர் கண்டுபிடித்துச் சொன்னது இது. இந்தத் தடவை புத்தி தெருமுனைகூடத் திரும்பவில்லை. வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். சோறு போட்ட கைக்கு என்று ஆரம்பித்து, பெற்ற தாய் சாவியை ஒளிப்பது சும்மாவா என்பது வரைக்கும் போய்விட்டேன். அவன் எதிர்த்துப் பேசியிருந்தால் நிறுத்தியிருப்பேனோ என்னவோ.

அவன் எதிரிலேயே வீட்டுக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். நாலு போர்டு மாறியிருக்கிறது, கண்ணால் பார்த்துவிட்டேன் என்றேன்.

"அவன அங்கயே விட்டுட்டு வா" என்றார் அவர். "வீட்டுக்கு வர வேண்டாம்னு சொல்லிடு. அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்."

அவனுக்குக் கேட்டது. கருவிப் பையைத் தோளிலிருந்து இறக்கி மேசையில் வைத்தான். போகத்தான் போகிறான் என்று நினைத்தேன். போகவில்லை.

"போறேன் அண்ணி. பரீட்சை ஆரம்பிக்கட்டும், போயிடறேன். அந்தப் பிள்ளைங்க என்ன பண்ணுச்சு?"

சொல்லிவிட்டு மூன்று கம்பிக் கேபிளை அவனே மாட்டினான். திரையில் எழுத்து ஓடியது. நினைவகம் சரி. உள்ளே இருக்கும் மென்பொருள் சரி. ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டு வந்து, ஒயர்லெஸ் பகுதி விழிக்கிற இடத்தில் பொசுக்கென்று நின்றது. மறுபடி முதலிலிருந்து. அடுத்த ரூட்டரை மாட்டினான். அதுவும் அதே வரியில் விழுந்தது. நாலும் அதே வரி.

"செத்த போர்டா இருந்தா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு எடத்துல சாகும்" என்றான், என்னைப் பார்க்காமல். "இது ஒயர்லெஸ் கரண்ட் இழுக்கும்போதுதான் விழுது. கரண்ட் பத்தல."

மீட்டரை எடுத்து அவன் கண்ணெதிரே அடாப்டர் முனையில் வைத்தேன். பன்னிரண்டு புள்ளி ஒன்று. பக்கத்தில் என் பச்சைப் புள்ளி. பார்த்துக்கொள் என்றேன். அவன் பார்த்தான். பிறகு வேன் சாவியைக் கேட்டான்.

எனக்குத் திக்கென்றது. வேனை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவானோ? சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நானும் அவன் பின்னாலேயே இறங்கினேன். மணி பன்னிரண்டு ஐந்து. அவன் வேனின் கதவுப் பக்கமே போகவில்லை. பின்னால் குந்தி உட்கார்ந்து, பிரேக் லைட்டின் கண்ணாடியைக் கழற்றி, பல்பைத் திருகி எடுத்தான். மூடியைத் திருப்பி மாட்டும் முன் அதன் தூசியைத் துடைத்தான். அந்த நேரத்திலும் துடைத்தான்.

மேலே வந்து அடாப்டர் முனையில் பல்பையும் மீட்டரையும் சேர்த்துப் பிடித்தான். பன்னிரண்டு புள்ளி ஒன்று காட்டிய மீட்டர் ஒன்பதுக்கு வந்தது, எட்டுக்கு வந்தது, ஏழில் நின்று தடுமாறியது. பல்பு பீடி நுனி போலச் சிவந்து கிடந்தது. கீழே அலுவலக அறையில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ரூட்டரின் அடாப்டரைக் கொண்டு வந்து அதே பல்பை மாட்டினான். கண் கூசுகிற மாதிரி எரிந்தது. மீட்டர் பதினொன்று புள்ளி ஒன்பதிலிருந்து அசையவில்லை.

சும்மா இருக்கும்போது பன்னிரண்டு, வேலை கொடுத்தால் ஏழு. பழைய அடாப்டர் செய்கிற வேலை இது. இதைத்தான் அவன் இரண்டு வாரத்துக்கு முன்பு ஒரு பல்போடு வந்து சொன்னான். நான் சர்க்கஸ் என்றேன். நாலு அடாப்டரிலும் என் கையால் ஒட்டிய பச்சைப் புள்ளி அழகாக இருந்தது.

ஆனாலும் என் மனசு இறங்கி வரவில்லை. அடாப்டர் என் தப்பு, சரி. குறி எங்கே? குறி இல்லாத போர்டு என் போர்டு இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். தொங்க வேறு ஒன்றும் இல்லை எனக்கு.

மணி பன்னிரண்டரை. வீட்டுக்காரர் வெளியே போயிருந்ததால் கடையில் ஆள் இல்லை; நல்ல அடாப்டர் எடுத்துவர நாங்களே போய்த் திரும்ப ஒன்றரை மணி நேரம். பக்கத்துக் கடைகளில் போன் சார்ஜர்தான் கிடைத்தது. பொறுப்பாளர் அம்மா போனைக் கையில் எடுத்துக்கொண்டு, நான் சொல்லிடட்டுமா, முடியாதுன்னு சொல்லிடட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கொழுந்தன் அவரிடம் பழைய கம்ப்யூட்டர் ஏதாவது உண்டா என்று கேட்டான். சாமான் அறையில் ஒன்று தூசியோடு கிடந்தது. அதன் பவர் சப்ளையைக் கழற்றிக்கொண்டு வந்தான். மஞ்சள் கம்பியில் பன்னிரண்டு வோல்ட், தாராளமாகக் கரண்ட். கெட்ட அடாப்டர்களின் ஒயரை நறுக்கி, நாலு பின்களையும் அதில் ஒன்றாக இணைத்தான். பிளஸ் மைனஸ் மாறினால் நாலு ரூட்டரும் அந்த நொடியே புகைந்துவிடும். அவன் இரண்டு முறை அளந்தான். என்னையும் ஒருமுறை அளக்கச் சொன்னான். அளந்தேன்.

முதலில் பிரேக் லைட் பல்பை மாட்டினோம். பளிச்சென்று எரிந்தது. நாலு ரூட்டரையும் பின்சுவரில் கேபிள் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரே மேசையில் வைத்து இணைத்தான். திரையில் எழுத்து ஓடியது. ஒயர்லெஸ் வரி வந்தது. நின்றது. நான் மூச்சை விடவில்லை. அடுத்த வரி வந்தது. அதற்கடுத்தது வந்தது. நாலு பச்சை விளக்கும் சிமிட்டாமல் நின்றன. ஒன்று இருபத்தொன்றுக்குப் பொறுப்பாளர் அம்மா போனில் தயார் என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தை அழுத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். ஏதாவது ஆனால் கூப்பிட வேண்டுமென்று எங்களை மாடிப்படியில் உட்கார வைத்தார்கள். ஒயர் நறுக்கிய நாலு பச்சைப் புள்ளி அடாப்டர் தலைகளும் என் மடியில் கிடந்தன. அவன் இரண்டு படி தள்ளி உட்கார்ந்து, விரல் நகத்தில் ஒட்டியிருந்த கறுப்பைத் துணியால் எடுத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. என்ன குறி?"

சொன்னேன். சிவப்பு நெயில் பாலிஷ், ஸ்க்ரூ ஓட்டைப் பக்கத்தில், கடுகு அளவு.

அவன் கையிலிருந்த துணி நின்றது.

"அதுவா? அத நான் கறைன்னு நெனச்சேன். எல்லாத்துலயும் இருந்துச்சு. தின்னர் போட்டுத் தொடச்சு எடுத்துட்டேன்."

என் கைப்பையிலேயே ஒரு போர்டு இருந்தது. காலையில் கடையிலிருந்து கிளம்பும்போது, குறி வைத்த போர்டு எப்படி இருக்கும் என்று இவன் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டலாமென்று எடுத்துப் போட்டது. முந்தின வாரம் அவன் துடைத்து அடுக்கியதில் ஒன்று. அதை நான் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினேன். குறி இல்லை. ஸ்க்ரூ ஓட்டைக்குள் பார்த்தேன். துணி எட்டாத இடத்தில், ஓட்டையின் உள்சுவரில், மயிரிழை மாதிரி ஒரு சிவப்புக் கோடு.

என் போர்டு. எல்லாமே என் போர்டுதான்.

தலை நிமிரவே முடியவில்லை. தப்பு பண்ணிட்டேன்ப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் அதைக் கேட்கிற நிலையில் இல்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்கயும் அதே எடத்துல இருந்துச்சு அண்ணி" என்றான் மெதுவாக. "அந்தக் கடைல. மஞ்சளா, பெயின்ட் மாதிரி. தெனமும் தொடச்சேன். நான்தான் தொடச்சேன்."

மூன்று வருஷம். நின்றுபோன கல்யாணம், இடுப்பில் செருகிய சாவி, யாரும் தராத வேலை. எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பாட்டில் தின்னரும் ஒரு துணியும். அவனுக்கு அது அந்தப் படியில்தான் தெரிந்தது. சத்தமில்லாமல் தோள் குலுங்க அழுதான். நானும் அழுதேன், எனக்கு அந்த உரிமை இல்லை என்று தெரிந்தும்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில்தான் வைத்தேன். அடாப்டர் என் தப்பு, குறி என் வேலை, போர்டு மாறவே இல்லை, இவன் மேல் நான் அபாண்டமாகப் பழி போட்டேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவனிடம் கொடு என்றார் அவர், குரல் உடைந்து. கொழுந்தன் போனை வாங்கவில்லை. பிறகு பேசுகிறேன் என்று கையால் காட்டினான்.

வீட்டுக்குப் போகலாம் வா என்று கூப்பிட்டேன்.

"வீடு இருக்கட்டும். அந்தக் கடைக்கு வரீங்களா? நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க சொல்லுங்க."

பரீட்சை முடிந்து பிள்ளைகள் இறங்கிப் போன பிறகு, நாலரை மணிக்குக் கிளம்பினோம். வேனுக்கு ஒரு பிரேக் லைட் இல்லை. ஊர்ந்துதான் ஓட்டினேன்.

அந்தக் கடைக்காரர் கல்லாவில் இருந்தார். இவனைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். இவன் வாசலிலேயே நின்றுகொண்டான். நான் மட்டும் உள்ளே போய், அன்றைக்குத் திரும்பி வந்த போர்டுகள் இன்னும் இருக்கின்றனவா என்று கேட்டேன். சாட்சிக்கு வைத்திருக்கிறேன், எங்கே வேண்டுமானாலும் காட்டுவேன் என்று மேல் தட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து மேசையில் கொட்டினார். ஐந்து போர்டு. எதிலும் குறி இல்லை, பாரும்மா என்றார்.

ஒன்றை எடுத்து அவருடைய மேசை விளக்கின் அடியில் சாய்த்துப் பிடித்தேன். ஸ்க்ரூ ஓட்டைக்குள் பாருங்கள் என்றேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். அடுத்ததை அவரே எடுத்தார். அதற்கடுத்ததையும். ஐந்தாவதைப் பார்த்துவிட்டு நிமிராமல் அப்படியே நின்றார்.

ஐந்திலும் மஞ்சள் இருந்தது.

அப்புறம், அவனை உள்ளே வரச் சொல் என்றார் என்னிடம். நான் திரும்பிப் பார்த்தேன். அவன் வாசல்படிக்கு வெளியேதான் நின்றிருந்தான்.

"நீங்களே வந்து கூப்பிடுங்க" என்றேன்.